நல்லான்விளையில் அடி முறை

வைரவன் ஓங்கிவிட்ட அறை அவன் அம்மா ராஜகனியின் கன்னத்தில் விழாமல், சுவருக்கு அந்தப் பக்கம் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்த லீலாவதியின் கன்னத்தில் போய் விழுந்த காலையில், நல்லான்விளையில் வேறெதுவும் மாறியிருக்கவில்லை. தேரிக்காட்டுச் செம்மணல் எப்போதும்போல் காற்றில் எழும்பி வந்து தண்ணீர் தெளித்த வாசல்களில் படிந்துகொண்டிருந்தது, பால்வண்டி எப்போதும்போல் தெருமுக்கில் தேவைக்கு மேல் ஹாரன் அடித்துவிட்டுப் போனது, அம்மன் கோவில் ஒலிபெருக்கி எப்போதும்போல் யாரும் கேட்காத பாட்டை ஊர் முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்தது. ராஜகனியும் எப்போதும்போல் கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்து, தோளைக் குறுக்கிக்கொண்டு வலி வருவதற்காகக் காத்திருந்தாள். வலி வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மிக்சி மூடி உருண்டோடும் சத்தமும், அதன் பின்னாலேயே லீலாவதி அலறும் சத்தமும் வந்தன.

வைரவனுக்கு அப்போது பதினாறு வயது. பேச்சு வரவில்லை. மதுரையில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்று சொல்லி அனுப்பியதை ஊர் காதில் போட்டுக்கொள்ளாமல், நல்ல நாளில் சாமிப் பிள்ளை என்றும் மற்ற நாளில் முன்வினை என்றும் சொல்லிக்கொண்டது. அவன் யாரையும் வெறுத்து அடிப்பவன் இல்லை. மிக்சி ஓடும்போது, ஹாரன் கேட்கும்போது, வழக்கமான தட்டு மாறிப்போகும்போது, அல்லது வெளியே யாருக்கும் தெரியாத ஏதோ ஒன்று அவனுக்குள் மாறிப்போகும்போது, உடம்புக்குள் இருக்க முடியாமல் அவன் கை வெளியே பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் எப்போதும் ராஜகனி இருந்தாள். அடிக்கும்போது அவனும் அழுதான். அவள் இடதுகைச் சுண்டுவிரல் மடங்குவதில்லை, விலா எலும்பு ஒன்று கோணலாகக் கூடியிருந்தது, காதுக்கு மேலே ஒரு கை அகலத்துக்கு முடி கிடையாது, கடித்த தழும்புகளை மறைக்க சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் கேட்டால் கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்பாள். ஊருக்கு எல்லாம் தெரியும். அவள் வீட்டிலிருந்து சத்தம் கேட்ட உடனே தெருவில் ஒவ்வொரு வீடாக டிவி சத்தம் கூடும். அந்த ஊரில் அதுதான் மரியாதை.

லீலாவதி கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தபோது வைரவன் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"ஏ பிள்ள, உன் மகன் என்னைய அடிச்சிட்டான்."

"அவன் இங்கதானக்கா நிக்கான். நகரவே இல்ல."

"தெரியும்," என்றாள் லீலாவதி. கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். ஐந்து விரலும் பதிந்து, உதட்டோரம் கிழிந்து ரத்தம் தாடைக்கு இறங்கியிருந்தது. அதைவிட அவளை உலுக்கியது ராஜகனியின் கன்னம் ஒன்றும் ஆகாமல் இருந்ததுதான். அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இப்படியா அடிப்பான்?"

"இது சின்னதுக்கா," என்றாள் ராஜகனி.

மறுநாள் அடி லீலாவதிக்கு அடுத்த வீட்டுக்குப் போனது, அதற்கு மறுநாள் அதற்கும் அடுத்த வீட்டுக்கு. கம்மாய்த் தண்ணீர் வயலுக்கு வயல் முறை வைத்துப் பாய்வதுபோல அது தெருவின் கிழக்கு ஓரமாகவே போகிறது என்று கண்டுகொள்ள ஊருக்கு அதிக நாள் ஆகவில்லை. முதலில் பூசாரியிடம் குறி கேட்டார்கள், பிறகு வாசல்தோறும் எலுமிச்சம்பழம் கட்டினார்கள், பிறகு பழம் கட்டிய வாசலிலேயே ஒருவனுக்கு மூக்கு உடைந்தபின் பழத்தை அவிழ்த்து ஊறுகாய் போட்டார்கள். வீட்டில் யார்மேல் விழும் என்று சொல்ல முடியாது. குழந்தைகள்மேலும் பிள்ளையுண்டாகியிருந்தவர்கள்மேலும் மட்டும் விழவில்லை. முறை வருகிற அன்று ஊரைவிட்டு ஓடினாலும் பயனில்லை. வழக்கு விஷயமாகத் திருநெல்வேலி போயிருந்த ஒருவருக்குக் கோர்ட் கூண்டில் நிற்கும்போதே முன்பல் விழுந்தது, நீதிபதி வாய்தா கொடுத்தார். ஒருத்தி தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க அடி முழங்காலில் விழுந்தது. கபடி விளையாடுகிற ஒரு பையன் நெஞ்சைத் தட்டி, எனக்கே வரட்டும் என்று ஹெல்மெட் மாட்டித் திரிந்தான். அன்றைக்கு வந்தது கடி. தோள்பட்டையில் பல் பதிந்து சதை பிய்ந்து தொங்க, அவன் தெருவில் உருண்டு அம்மா அம்மா என்று கத்தியதைக் கேட்டு, அம்மா என்று இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

நல்லான்விளை ரத்தம் பார்க்காத ஊர் இல்லை. வரப்புத் தகராறில் அரிவாள் எடுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த வெட்டுக்குக் காரணம் இருந்தது, எதிரி இருந்தான், வஞ்சம் தீர்க்க வழி இருந்தது. புட்டு அவித்துக்கொண்டிருக்கும்போது, சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது, மாமனாருக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்கும்போது எங்கிருந்தோ வந்து விழுகிற அடியில் யாரைத் திருப்பி அடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். அடி முறை என்றார்கள். இன்னைக்கி யார் முறை என்று டீக்கடையில் கேட்டுக்கொண்டார்கள். முறை வீட்டில் கல்யாணம் பேசப் போகாதே என்றார்கள். முறை வீட்டுக்காரர்களுக்கு அன்றைக்குக் கிணற்றில் முதல் தண்ணீர் என்று விட்டுக்கொடுத்தார்கள்.

அப்புறம்தான் அது நடந்தது. முறை வீட்டுக்காரர்கள் விடிந்ததும் ராஜகனியின் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். பதினாறு வருஷத்தில் பிரசாதம் கொடுக்கக்கூட எட்டிப் பார்க்காதவர்கள், வாசலில் நின்று செருப்பைக் கழற்றி, "ராத்திரி ஒறங்கினானா தாயி?" என்று கேட்டார்கள். "சாப்பிட்டானா? மூஞ்சி எப்படி இருக்கு? இன்னைக்கி எது ஆகாது, சொல்லு." ராஜகனியிடம் அதுவரை யாரும் அதையெல்லாம் கேட்டதில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னாள். மிக்சி ஆகாது என்றதும் தெருவில் அம்மிகள் வெளியே வந்தன. ஹாரன் ஆகாது என்றதும் பால்வண்டிக்காரனை நாலு பேர் மறித்துப் பேசினார்கள். தேரிமணலை மணிக்கட்டில் மெதுவாக வார்த்தால் அடங்குவான் என்றதும் வீட்டுக்கு ஒரு வாளி சல்லடை போட்ட செம்மணல் வந்து சேர்ந்தது. முறை வீட்டுக்காரர் வைரவன் எதிரே உட்கார்ந்து, அவன் நீட்டிய கையில் பயந்து பயந்து பொழுதெல்லாம் மணல் வார்த்தார். அப்படியும் அடி வந்தது. சில நாள் குறைவாக வந்தது.

ராஜகனிக்கு உடம்பு ஆறியது. காதுக்கு மேலே முடி குத்துக்குத்தாக முளைத்தது. ஒருநாள் மத்தியானம், லீலாவதி வைரவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பாயில் சும்மா சாய்ந்தவள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தாள். எழுந்ததும் பதறிப்போய் அவன் எங்கே என்று தேடினாள். அவன் அதே இடத்தில் இருந்தான், லீலாவதியும் அதே இடத்தில் இருந்தாள், அவள் புருவத்தில் மட்டும் புதிதாக ஒரு வீக்கம்.

"இன்னைக்கி உங்க முறை இல்லையேக்கா."

"இது அது இல்ல. தூங்கி நிலைப்படில முட்டிக்கிட்டேன்," என்றாள் லீலாவதி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இன்னொரு நாள் கோவில் கமிட்டித் தலைவர் பால்பாண்டியின் வீட்டு முறை. ஊரில் பெரிய உரக்கடை அவருடையது. ராஜகனி மகனைக் கோவிலுக்குக் கூட்டிப்போனபோதெல்லாம், பிள்ளை பயப்படுது தாயி, பின்னால நில்லு என்று பிரகாரத்துக்கு வெளியே நிறுத்தியவர். அந்த மத்தியானம் வைரவன் தலையால் முட்டினான். தெருக்கோடியிலிருந்து பால்பாண்டியின் ஊளை கிளம்பி வந்தபோது ராஜகனியின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு எழுந்து வந்தது, முந்தானையை வாயில் திணித்தும் அடங்காமல் குலுங்கி, கண்ணில் நீர் முட்டி, கடைசியில் அவளையே பயமுறுத்தியது. அவ்வளவு நாள் அந்தச் சிரிப்பு எங்கே கிடந்தது என்று யோசித்தாள். அடுத்த அடி யாருக்கோ என்று நினைத்தபோது, யாருக்கானாலும் சரி என்று தோன்றியது. அதற்கும் பயந்தாள். ஆனால் மறுநாளும் நன்றாகத் தூங்கினாள்.

முறை ஊரைச் சுற்றிக்கொண்டு ராஜகனியின் வீட்டுக்கே வந்த அன்று தெரு முழுக்க அவள் வாசலில் கூடியிருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. வீட்டுக்காரிக்குப் போகவேண்டியது வீட்டுக்காரிக்குப் போகட்டும் என்கிற நிம்மதி. வைரவன் தாடையைத் தன் கையாலேயே குத்திக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தான், பிறகு திரும்பி அம்மாவின் வாயில் ஓங்கிக் குத்தினான். ராஜகனி நின்ற இடத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் போன் அடித்தது. மும்பையில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிற அவள் புருஷன் தவசிலிங்கம், வாய் நிறைய ரத்தத்தோடு, பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்து பேசினான்.

"என்ன பிள்ள நடக்கு அங்க?"

"உங்க முறை வந்திருக்கு," என்றாள் ராஜகனி.

அவன் ரயிலேறி வந்துவிட்டான். வருஷத்துக்கு ஒருதடவை கோவில் கொடைக்கு வந்து, மூன்றாம் நாள் வேலை இருக்கு என்று கிளம்பிவிடுகிறவன், கொடை இல்லாத மாசத்தில், இரண்டு முன்பல் இல்லாமல் வந்து இறங்கினான். அவன் வந்தது தெரிந்ததும் பால்பாண்டி வந்தார். மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று என்றும், எண்ணிப் பார்த்ததில் இரண்டாம் சுற்று சரியாக அன்றைக்குத்தான் தன் வீட்டுக்கு வருகிறது என்றும், மணவறையில் தாலி ஏறும்போது பெண்ணுக்கோ தனக்கோ மூக்கு உடைந்தால் சம்பந்தி வீட்டார் எழுந்து போய்விடுவார்கள் என்றும் சொன்னார். கமிட்டி கூடிப் பேசிவிட்டது. செவ்வாய்க்கிழமை உச்சிப்பூசையில் ராஜகனி அம்மன் முன்னால் நின்று மடியேந்தி, என் அடியை எனக்கே தா என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பையனைச் சங்கிலி போட்டு வைத்துக்கொள்கிற இடம் ஒன்று தூரத்தில் இருக்கிறது, வண்டி அவர் ஏற்பாடு.

"பெத்தவ கேட்டா அம்மன் தட்டாது," என்றார். தவசிலிங்கம் தலையை ஆட்டினான்.

அவர் போனபிறகு ராஜகனி புருஷனுக்குச் சோறு வைத்தாள். அவன் பல் இல்லாத பக்கம் ஒதுக்கி ஒதுக்கி மென்றான். கொஞ்சம் தள்ளி வைரவன் மணலை விரலிடுக்கில் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தான்.

"தலையாட்டுதியளே," என்றாள். "இத்தனை வருஷம் அந்த அடி எப்படி இருக்கும்னு தெரியாம இருந்தீங்க, சரி. இப்பத் தெரியும்லா?"

அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அவனுக்கு எட்டு வயசிருக்கும்போது பனங்கருக்குமட்டையால அடிச்சேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நிறுத்த முடியல எனக்கு. அடிக்க அடிக்க இன்னும் அடின்னுது கை. நீ பிடிச்சுத் தள்ளலேன்னா கொன்னுருப்பேன். மறுநாளே ரயில் ஏறினேன். சம்பாதிக்கப் போறேன்னு ஊருக்குச் சொன்னேன். என் கையை நம்பி இந்த வீட்டுல படுக்க முடியல, அதான் போனேன்."

ராஜகனி அவன் தட்டில் மோர் ஊற்றினாள். "எனக்கும் தோணியிருக்கு," என்றாள். "ஒருதடவை இல்ல. தலையணையைக் கையில எடுத்துக்கிட்டு அவன் பக்கத்துல நின்னிருக்கேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அப்புறம்?"

"அப்புறம் விடிஞ்சிரும். அவனுக்குப் பல்லு தேச்சுவிடணும். அந்த வேலையைப் பார்ப்பேன்." மோர்ச் சட்டியை மூடிவிட்டு, "எனக்கு ஏறிப் போக ரயிலு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்," என்றாள்.

தவசிலிங்கம் அதற்குமேல் சாப்பிடவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை கோவிலுக்குப் போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஊரை எதிர்த்து அவன் எப்போதும் நின்றதில்லை.

உச்சிப்பூசைக்கு ஊரே வந்திருந்தது. கட்டுப்போட்ட தலைகளும், தொட்டில் கட்டித் தொங்கவிட்ட கைகளும், கண்ணுக்குக் கீழே பச்சையும் ஊதாவுமாகக் கன்றிய முகங்களும், யுத்தத்திலிருந்து திரும்பிய கூட்டம்போல் பிரகாரத்தை நிறைத்திருந்தன. பதினாறு வருஷமாக வெளியே நிறுத்தப்பட்டவன் அன்றைக்குத்தான் முதன்முறையாகச் சன்னதிக்கு நேரே நிறுத்தப்பட்டான். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. வைரவன் காதை இரண்டு கையாலும் பொத்தி, தாடையைத் தோளில் உரசி உரசி, முன்னும் பின்னும் ஆடினான்.

"சத்தத்தை நிறுத்துங்க," என்றாள் ராஜகனி.

"முதல்ல கேளு தாயி, நிறுத்துதோம்," என்றார் பால்பாண்டி.

பூசாரி தட்டோடு வந்து, மடியேந்தச் சொன்னார். ராஜகனி முந்தானையைக் கையில் எடுத்தாள். அம்மனைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். அவளுக்கு அவர்களிடம் கோபம் இல்லை. ஒவ்வொருவர் காயமும் அவளுக்குத் தெரியும், எது எத்தனை நாளில் ஆறும், எது மழைக்காலத்தில் திரும்ப வலிக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கேக்க மாட்டேன்," என்றாள்.

"என்ன சொல்லுத?"

"எனக்கு வேண்டாம். நான் வாங்கினது போதும்."

"நீ பெத்தவ," என்றார் பால்பாண்டி.

"ஆமா, பெத்தேன். இவன் என் பிள்ளைதான். குளிப்பாட்டுதேன், ஊட்டுதேன், சாகிறவரைக்கும் பார்ப்பேன். எங்கயும் கொண்டுபோய்க் கட்டிப்போட விடமாட்டேன். ஆனா அடியைக் கேட்டு வாங்க மாட்டேன். பெத்ததுக்கு அது கூலி இல்ல."

கூட்டத்தில் ஒரு பெண், இவளும் ஒரு தாயா என்றாள். அந்தச் சொல்லுக்குக் காத்திருந்ததுபோல் பால்பாண்டியின் மகன்கள் இரண்டு பேரும் கயிற்றோடு முன்னால் வந்தார்கள். ஒருவன் வைரவனைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ள, அவன் முகம் கல்தரையில் மோதியது. எழ முயன்றவனை முதுகில் கம்பு கொண்டு அடித்தான் மற்றவன். எல்லோரும் ஒரு கணம் தங்கள் உடம்பைத் தடவிப் பார்த்தார்கள், யாருக்கும் ஒன்றும் விழவில்லை. வைரவனை அடித்த அடி வைரவன்மேலேயே விழுந்தது. வேறெங்கும் போகவில்லை. அது தெரிந்ததும் கூட்டத்துக்குத் துணிச்சல் வந்துவிட்டது. மாசக்கணக்கில் திருப்பி அடிக்க ஆளில்லாமல் சேர்த்துவைத்த அடியெல்லாம் ஆள் கிடைத்ததும் வெளியே வந்தது. பூக்கட்டுகிறவர் மிதித்தார், கபடி பையன் மிதித்தான், தன் வீட்டு முறையில் மணல் வார்த்து மணல் வார்த்துக் கை ஓய்ந்த பெரியவர் தூக்குவாளியால் அடித்தார். வைரவனின் நெற்றி பிளந்து ரத்தம் சன்னதிப் படியில் கோடு கிழித்தது. ராஜகனி ஒருவன் மணிக்கட்டைக் கடித்தாள், யாரோ அவள் புதிதாக முளைத்த முடியைப் பிடித்து இழுத்துத் தூணில் மோதினார்கள். லீலாவதி, விடுங்கலே, செத்திருவான் என்று கத்திக்கொண்டு ஓடிவந்தவள் காலடியில் சிக்கி விழுந்தாள்.

தவசிலிங்கம் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கம்பு ஏறி இறங்குவதை அவன் பார்த்தான். நிறுத்த முடியாத கை எப்படி இருக்கும் என்று அந்தக் கூட்டத்தில் அவனுக்கு மட்டும்தான் வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் தெரியும். அவன் யாரையும் தடுக்கவில்லை, நடந்து போய் மகன்மேல் குப்புற விழுந்து அவனை மூடிக்கொண்டான். அடுத்த கம்பு அவன் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் ஒலிபெருக்கியையும் மீறிக் கேட்டது. அதற்கப்புறமும் இரண்டு அடி விழுந்தது.

அடியில் கிடந்த வைரவனுக்கு மேலே கிடப்பது யார் என்று தெரியாது. மூச்சு முட்டியது, வாய்க்கு நேரே ஒரு கை இருந்தது. கடித்தான்.

அது முறை பார்க்கவில்லை. அந்தக் கடி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. கம்பு பிடித்த கையிலும், கற்பூரத் தட்டு பிடித்த கையிலும், வேடிக்கை பார்த்தபடி கட்டிக்கொண்டு நின்ற கையிலும், முழங்கைக்குக் கீழே அதே இடத்தில் பல் இறங்கியது. தட்டுகள் விழுந்தன, கம்புகள் விழுந்தன, பின்னாலேயே மனிதர்களும் விழுந்தார்கள். கைக்குழந்தை வைத்திருந்த பெண்கள் மட்டும் குழந்தை நழுவிவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் பெட்டியின்மேல் சரிந்ததில் பாட்டு நின்றது. கையில் வலி இறங்கி முடிந்ததும், அதற்குப் பின்னாலிருந்து இன்னொரு வலி எழுந்து வந்தது. அது கடியின் வலி இல்லை, கடித்தவனின் வலி. வலதுபக்கத் தாடையின் கடைசியில், காதுக்குக் கீழே, பழுத்த கம்பியை உள்ளே விட்டுத் திருகுவதுபோல் ஒரு வலி, நாடி துடிக்கத் துடிக்கத் தானும் துடித்து, கண்ணுக்கும் கழுத்துக்கும் ஏறி இறங்கியது. நல்லான்விளை முழுக்க வலது தாடையைப் பிடித்துக்கொண்டு கோவில் தரையில் சுருண்டு கிடந்தது.

ராஜகனி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. நெற்றியில் தூண் மோதிய ரத்தத்தோடு அவள் போய்ப் புருஷனை மெல்லப் புரட்டி, மகன் மேல் கிடந்த கயிற்றை எடுத்து எறிந்தாள். வைரவன் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"பல்லு," என்றார் பால்பாண்டி. படிக்கட்டில் கிடந்தார், வாயில் எச்சில் ஒழுகியது. "இவனுக்குப் பல்லு வலிக்கு தாயி. இந்தப் பக்கம். கடைசிப் பல்லு."

"ஆமா," என்றான் அவருடைய மகன், தாடையைப் பிடித்தபடி. "ரொம்ப நாள் வலி இது."

ராஜகனி அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. அடிமேல் அடி, தழும்புமேல் தழும்பு என்று அவ்வளவு வாங்கியும், ஒவ்வொரு காலையும் அந்த வாய்க்குள் பிரஷ் விட்டும், அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. மகனின் வாயை மெதுவாகத் திறந்தாள். அவன் திறக்க விட்டான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அந்தக் கோவிலில், அத்தனை பேருக்கு நடுவில், அவள் அழுத அழுகையை ஊர் இதற்குமுன் கேட்டதில்லை. டிவி சத்தத்தைக் கூட்ட அங்கே டிவி எதுவும் இல்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சங்கிலி போடும் இடத்துக்கென்று பால்பாண்டி ஏற்பாடு செய்திருந்த வண்டியிலேயே வைரவனையும் தவசிலிங்கத்தையும் நெல்லைக்குக் கொண்டுபோனார்கள். அப்பனுக்குத் தோளில் கட்டும், மகனுக்கு நெற்றியில் தையலும் போட்டார்கள். மயக்க ஊசி போட்டு வைரவனின் கடைசிப் பல்லை எடுத்தபோது வேர்வரை அழுகியிருந்தது, அடியில் சீழ் கோத்திருந்தது. அந்தப் பல் வெளியே வந்த நிமிஷத்தில் நல்லான்விளையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களும் பீடி சுற்றிக்கொண்டிருந்தவர்களும் தாடையிலிருந்து கையை எடுத்தார்கள்.

அடி நின்றுவிடவில்லை. குறைந்தது. பல்லைத் தவிரவும் அவனுக்கு ஆகாத விஷயங்கள் உலகத்தில் இருந்தன. முறையும் நின்றுவிடவில்லை, இரண்டு குடும்பம் வீட்டை விற்றுவிட்டுத் தூத்துக்குடிக்குப் போனது, அங்கேயும் முறை நாளில் அது தேடிப் போனதாகச் சொன்னார்கள். பால்பாண்டியின் மகள் கல்யாணம் ஒலிபெருக்கி இல்லாமல் நடந்தது. முகூர்த்த நேரத்தில் அவர் மண்டபத்துக்குப் பின்னால், பட்டு வேட்டி மண்ணாக, வைரவன் கையில் மணல் வார்த்துக்கொண்டிருந்தார். தாரை வார்த்துக் கொடுக்க அவர் தம்பி நின்றார். அவருடைய மகன்கள் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. மூத்தவன் இன்றைக்கும் ராஜகனி எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறான். முறை நாளில் மட்டும் வருகிறான், வேலையைச் செய்கிறான், போகிறான். ராஜகனிக்கு அது போதுமாக இருந்தது.

தவசிலிங்கம் மும்பைக்குத் திரும்பிப் போகவில்லை. தோள் சரியாகக் கூடாததால் வலதுகையைத் தலைக்கு மேலே தூக்க அவனுக்கு வரவில்லை. டாக்டர் வருத்தமாகச் சொன்னபோது அவன் பரவாயில்லை என்றான். வைரவனைக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டான், தட்டு எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று கற்றுக்கொண்டான், தவறாக வைத்து இரண்டு தடவை முறை வீட்டுக்காரர்களுக்கு உதை வாங்கிக்கொடுத்து, போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான்.

ஐப்பசியில் மழை பெய்து தேரி இறுகிக் கிடந்த ஒரு காலையில், ராஜகனி அரைக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு, தலை வாரி, லீலாவதியிடமும் புருஷனிடமும் போயிட்டு வாரேன் என்றாள். எங்க என்று லீலாவதி கேட்கவில்லை. எப்ப வருவ என்று தவசிலிங்கம் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டான். வைரவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் மணலுக்குக் குனிந்தான்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் வந்து அவளையும், அவள் பக்கத்து இடத்தையும், அவளுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"மகன் வரலியா?"

"வரல."

"ஒரு டிக்கெட்டா?"

"ஒண்ணுதான்."

"எங்க இறங்கணும்?"

ராஜகனி அதை யோசித்திருக்கவில்லை. தழும்பேறிய முழங்கையை ஜன்னல் கம்பியில் வைத்து வெளியே பார்த்தாள். ஈரக்காற்று முகத்தில் அடித்தது. அவள் கண்ணை மூடவில்லை.

"வண்டி எதுவரைக்கும் போவுது?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார்.

"அதுவரைக்கும் குடுங்க," என்றாள்.